அருவிக்குள் தகரப் பெட்டிகள்

அறுபதுகளில் நான் மேலாளராயிருந்த குற்றாலம் விடுதியில், பர்மாவிலிருந்து கப்பலில் குடும்பத்தோடு திரும்பிய ஓவியர் ஒருவருக்கு, முன்சுவரில் அருவி வரையும் வேலை கிடைத்தது. ஒன்பது நாளில் முடித்தார். படத்தில் குளிப்பவர்கள் பதினேழு பேர். எல்லார் தலையிலும் தகரப் பெட்டி.

“என்ன அண்ணாச்சி, குளிக்க வாரவன் பெட்டியோடவா நிக்கான்? அருவிக்குள்ள ரயிலா வருது?” என்றார் முதலாளி. “மாத்தலைன்னா மத்த சுவரெல்லாம் வேற ஆளுக்குத்தான்.”

“நாங்க அப்படித்தானே வந்தோம்” என்றார் ஓவியர். அவருக்கு நான்கு பிள்ளைகள்.

மறுநாள் பெட்டிகளையெல்லாம் ஈரத்துண்டுகளாக்கினார். முதலாளிக்குத் திருப்தி. மற்ற சுவர்களையும் கொடுத்தார்.

அன்று மாலை நான் நெருங்கிப் பார்த்தேன். கழுத்துகளை அவர் தொடவேயில்லை. வெறும் துண்டுக்கு அடியில் பதினேழு கழுத்தும் பாரத்தில் அமுங்கியிருந்தன. முதலாளியிடம் நான் சொல்லவில்லை.