விளிம்பை மறந்த கணக்கு

வலியசாலையில் ஒரு கல்யாணப் பந்தியில் பாக்கு மட்டைத் தட்டு போட்டிருந்தார்கள். சூடான ரசம் பட்டதும் மழையில் நனைந்த தோப்பின் வாடை எழுந்தது. என் கட்டைவிரல் தானாகத் தட்டின் விளிம்பை அமுக்க, ரசம் பக்கத்திலிருந்தவர் வேட்டிக்குப் போயிற்று. "எந்தா அண்ணாச்சி, தட்டுக்குப் பரிசோதனையா?" என்றார். உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கம் என்னைத் தொற்றியபோது, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த புதிது. சிமெண்டுக்குக் கட்டுப்பாடு; ஆகவே ஒரு பெண்கள் பள்ளி மண்டபத்துக்கு, பாதி உருளையைக் கவிழ்த்தாற்போன்ற மெல்லிய கான்கிரீட் கூரை போடுவதென்று எங்கள் மராமத்து அலுவலகப் பொறியாளர் குறுப்பு சார் தீர்மானித்திருந்தார். சிக்கனத்தாலேயே நாட்டை எழுப்பிவிடலாம் என்று நான் நம்பிய வயது. அந்த அலுவலகத்தில் கணக்கிடுபவர்கள் இருவர்: நானும், ஸ்ரீவராகத்திலிருந்து வந்த அலமேலுவும். அவரும் கணிதப் பட்டதாரி. ஆனால் தற்காலிக வேலை. அவர் வீட்டில் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவரே.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே கணக்கை இருவரும் முதுகுகாட்டி அமர்ந்து, கைப்பிடி சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் தனித்தனியே போடவேண்டும். முடியும்வரை பேச்சு கூடாது. கடைசி இலக்கம்வரை விடைகள் ஒத்துப்போனால் குறுப்பு சார் வடை வரவழைப்பார். என் நேர்மையில் ஒரு பங்கு அந்த வடைக்கும் சேரும்.

அன்று விடைகள் ஒத்துப்போயின. வடையும் வந்தது. அலமேலு தொடவில்லை, முற்றத்தில் விழுந்து கிடந்த பாக்கு மட்டை ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் கவிழ்த்தார்.

"சார், நடுவிலே அமுக்கிப் பாருங்கோ. அசையறதா? இப்போ இந்த நீள ஓரத்திலே."

சாரின் ஒற்றை விரலுக்கே ஓரம் மடங்கிற்று.

"ஓரம் இப்படி வளையறதுக்கு நம்ம கணக்கிலே எடமே வைக்கலையே."

எங்கள் சமன்பாடு கூரை இழுபடுவதையும் நெருக்கப்படுவதையும் மட்டுமே பார்த்தது. கூரை மெல்லியது, அது வளைந்து மடங்குவதன் விளைவு அற்பம் என்று முதல் வரியிலேயே தள்ளியிருந்தோம். குறையுள்ள ஒரு சமன்பாட்டை இருவர் எத்தனை கவனமாகப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். அந்த ஒற்றுமையை உண்மையென்று எடுத்துக்கொண்டு வடை கட்டிய இலையைப் பிரித்திருந்தோம்.

குறுப்பு சார் மட்டையின் மறு ஓரத்தையும் அமுக்கிப் பார்த்தார். "சரியாணு, கேட்டோ. ஆனா அது பெரிய கணக்கு, மெட்ராசுக்குப் போகணும். பின்னே இவிடெ ஜோலி இல்லா. அலமேலு, உங்க டெம்பரரி போஸ்ட் இந்த மாசத்தோட தீரும்."

"மெட்ராசுக்கு அனுப்புறதைப் பத்தி நாளைக்கு யோசிச்சுச் சொல்லலாமே," என்றேன் நான் அலமேலுவிடம்.

"கீழே உக்காரப்போறது கொழந்தைகள், பிள்ளைவாள். நாளைக்கு மட்டும் ஓரம் வளையாதா?" என்ற அலமேலு, அப்புறம்தான் வடையை எடுத்தார். "கூட்டல் சரிதானே. இது நமக்கு உண்டு."

கணக்கு மெட்ராசுக்குப் போய், நீள ஓரங்களில் கனத்த உத்தரங்களோடு திரும்பியது. அதற்குள் அவர் நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியையாகப் போய்விட்டிருந்தார். மண்டபத்தில் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அமர்ந்து எழுந்தார்கள். கூரையைப் பற்றி ஒருவரும் நினைக்க நேரவில்லை.

சென்ற ஆண்டு அதை இடித்தார்கள், போய்ப் பார்த்தேன். நடுப்பகுதி மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது. ஓரத்தோடு மல்லுக்கட்டிய தொழிலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆரா சாரே இது கெட்டியது?" என்றார்.

"அலமேலு," என்றேன்.

தலையசைத்துவிட்டு மறுபடி சம்மட்டியை ஓங்கினார். மறுநாள் அங்கே ஓரமும் இல்லை.