பிஸ்கோத்து டப்பாவில் புதைத்தது

அன்று உப்பளம் கல்லறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவியின் அண்ணன், என் மாமியார், கோயில் உபதேசியார், குழி வெட்டுகிறவர். சாமியார் வரவில்லை. உடம்பிலிருந்து எடுத்த ஓர் உறுப்புக்கென்று தனிச் சடங்கு கிடையாது, வேண்டுமானால் உபதேசியார் ஒரு ஜெபம் சொல்லட்டும் என்று அனுப்பியிருந்தார். என் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். எங்களுக்கு நடுவில், ஈயம் வைத்து மூடிய ஒரு பிஸ்கோத்து டப்பா. மூடியில் குடை பிடித்த வெள்ளைக்காரச் சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சிரிக்கிற படத்தோடு புதைத்தால் குற்றமாகுமோ என்றுகூடக் கவலைப்பட்டேன். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கவலைப்படவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி, எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு ஆஸ்பத்திரியின் கிருமிச் சோதனைக் கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர் மச்சான்தான். அவர் அங்கே பிரெஞ்சு டாக்டர் துரைக்கு உதவியாளர். பிரெஞ்சு அவர் வாயில் தண்ணீர்போல ஓடும். துரை எங்களிடம் சொல்வதும் நாங்கள் துரையிடம் சொல்வதும் அவர் வழியாகத்தான் போய் வரும். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி ஆவியில் வேகவைப்பதும், கிருமி வளர்ப்பதற்குச் சாறு காய்ச்சுவதும் என் வேலை. கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி அரை கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர் என்று கணக்கு. முதல்நாள் சாயங்காலமே கறியை ஐஸ் பெட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் காய்ச்சி, துணியில் வடிகட்ட வேண்டும். "மாப்ள, நீ கிருமிக்கெல்லாம் சமையல்காரன். அதுங்க ஒருநாளும் உப்பு கொறவுன்னு சொல்லாது," என்று மச்சான் கேலி செய்வார். நான் சிரிப்பேன். ஆனாலும் வீட்டுக்குப் போகுமுன் மூன்று தடவை கை கழுவுவேன். வாசலில் நின்று நான்காம் தடவையும் கழுவுவேன்.

அப்படிக் கழுவியும் வியாதி வீட்டுக்கு வந்தது. என் மனைவிக்குச் சிறுநீரில் ரத்தம் போயிற்று. இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தால் தேங்காய்போல ஒன்று தட்டுப்பட்டது. என் விரலிடுக்கில் ஒளிந்து வந்த கிருமிதான் இது என்று நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். சிறுநீரகத்தில் கட்டி, புற்றாக இருக்கலாம், முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார் துரை. அவள் அதற்குப் பயப்படவில்லை. கத்தி வைப்பதற்கு முதல்நாள் என்னையும் மச்சானையும் பக்கத்தில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "எடுத்தத குப்பையில போட்டுடாதீங்க. சீசாவுல வச்சி வேடிக்கையும் காட்டாதீங்க. நம்ம கல்லறையில மண்ணுல வச்சிடுங்க. நாளைக்கி நான் போய் அது பக்கத்துல படுத்துக்கறேன். கடைசி நாள்ல எழுந்திருக்க சொல்ல எல்லாம் ஒண்ணா இருக்கணும் இல்ல?"

"நான் ஒருத்தன் அங்க எதுக்கு இருக்கறேன்? தொரைகிட்ட நான் பேசி வாங்கியாறேன்மா," என்றார் மச்சான். தங்கையின் நெற்றியில் சிலுவை போட்டார்.

அறுவை முடிந்தது. துரை கட்டியை இரண்டாக அறுத்து, சீவல் சீவலாக எடுத்துச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் இரண்டு நாள் பார்த்தார். புற்று இல்லை. கொழுப்பும் ரத்தக்குழாயும் சதையும் பின்னிக்கொண்டு வளர்ந்த தீங்கில்லாத கட்டி, உயிருக்கு மோசமில்லை என்று மச்சான் வந்து சொன்னபோது அவர் காலைத் தொடப் போனேன். அதிசயம் இன்னொன்றும் இருந்தது. கட்டியின் நடுவில் கொஞ்சம் சீழ் இருந்ததாம். அந்த இடத்தில் யாரும் கண்டிராத கிருமி ஒன்று அதில் இருந்ததாம். அதை வளர்த்துப் பார்க்க வேண்டும், நல்ல சாறாகக் காய்ச்சு என்று உத்தரவு வந்தது. என் மனைவியின் வயிற்றில் இருந்த கிருமிக்கு நான் சாறு காய்ச்ச வேண்டும். என்னவோபோல் இருந்தது. ஆனாலும் நல்ல கறியாகப் பார்த்து வாங்கி, நிறுத்து ஊறப்போட்டேன்.

மறுநாள் காலை பாத்திரத்தில் பாதிக் கறிதான் கிடந்தது. ஐஸ் பெட்டியைச் சரியாக மூடாமல் போய்விட்டேன், பூனை தின்றுவிட்டது என்று என்னையே நொந்துகொண்டு, பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததைக் காய்ச்சினேன். அன்று சாயங்காலம்தான் மச்சான் டப்பாவைக் கொண்டுவந்தார். குழி வெட்டவும் டப்பாவுக்கு ஈயம் வைக்கவும் என்று என்னிடம் மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டார். கார்பாலிக் மருந்து நெடி அடித்தது. கனமும் சரியாகத்தான் இருந்தது.

கிருமி வளர்ந்தால் சாறு கலங்கும். என் சாறு நாலு நாள் ஆகியும் கலங்கவே இல்லை. துரை சத்தம் போட்டார். "சாறு தண்ணியா இருக்குதாம் மாப்ள. சம்பளத்துல நாலு பணம் புடிக்கச் சொல்றாரு," என்று மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். எங்கள் ஊரில் அப்போது எட்டுப் பணம் ஒரு ரூபாய். நல்லவேளை, ஐஸில் சீழ் மிச்சம் இருந்தது. இரண்டாம் தடவை காய்ச்சிய சாறு கலங்கியது. அடுத்த மாதம் பிரான்சுக்குப் போகிற கப்பலுக்கு ஒரு கண்ணாடி ஜாடியைப் பெட்டியில் கட்டச் சொன்னார்கள். வெள்ளைத்துணி சுற்றி, வாய்க்கு மெழுகு பூசிய ஜாடி. மேலே பிரெஞ்சில் எழுதிய காகிதம். எனக்கு எண்கள் மட்டும்தான் படிக்கத் தெரியும். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மரத்தூளை இரண்டு மடங்கு போட்டு, வைக்கோல் திணித்து, கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் கடற்கரைப் பாலம்வரை கைவண்டியோடு கூடவே நடந்துபோய் ஏற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் மச்சான் லீவில் இருந்தார். துரை என்னைக் கூப்பிட்டு, கப்பலில் வந்த புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். பிளந்துவைத்த நுங்குபோல ஒரு படம். தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளைக் கூட்டி, "உன் பொண்ஜாதி குடுத்தது. பெரிய மனசு. நான் நன்றி சொல்லு," என்றார். எனக்குப் புரியவில்லை. தரையைக் காட்டி, மண்ணில்தானே இருக்கிறது என்று கையாலேயே கேட்டேன். துரை சிரித்தார். "மண் இல்லை. பிரான்ஸ். கண்ணாடி உள்ளே. பெட்டி நீ கட்டினாய்." அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அவர் அரைகுறையாகச் சொன்னதிலிருந்து மெல்லப் புரிந்தது: குடும்பத்தைக் கேட்டு வா என்றுதான் அவர் மச்சானை அனுப்பியிருக்கிறார். குடும்பம் சந்தோஷமாகக் கொடுக்கிறது என்று போய்ச் சொல்லியிருக்கிறார் மச்சான். படத்துக்குக் கீழே மச்சான் பெயரும் இருக்கிறது என்று துரை விரலை வைத்துக் காட்டினார்.

பூனை தின்ற கறி எங்கே போயிற்று என்று அப்போது தெரிந்தது.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம், ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று எனக்காகவும் அவருக்காகவும் மாறி மாறி வாதாடினேன். அவர் மறுக்கவே இல்லை.

"தொர ஆசையா கேக்கறாரு. இல்லன்னு சொன்னா நாளைக்கி உன் வேல இருக்குமா, என் வேல இருக்குமா?"

"அவரு கேட்டுட்டு வான்னுதான் மச்சான் அனுப்புனாரு."

மச்சான் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "டப்பாவுல எது இருந்தா என்ன மாப்ள? சொன்ன ஜெபம் ஜெபம்தான? அவளுக்கு மனசு ஆறிடுச்சி. நீ போய் வாயத் தொறந்தா அதுவும் போச்சி."

அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. என் வாயையும் அவரே மூடிவிட்டார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவள் அந்த இடத்தில் மெழுகுவர்த்தி கொளுத்துவாள். பக்கத்தில் அவள் அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். நான் காற்றுக்குத் திரி அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு, மாட்டுக்கறிக்கு முட்டிபோட்டிருப்பேன். யோசித்தால் மூன்று பேரில் அவள் ஒருத்திதான் உண்மையாகக் கும்பிட்டாள்.

மீதி ஒரு சிறுநீரகத்தோடு இன்னும் இருபத்தாறு வருஷம் நன்றாக இருந்தாள். மச்சான் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டார். அவளுக்குக் குழி வெட்டும்போது மண்வெட்டியில் டங்கென்று பட்டது. துருவேறிக் காகிதம்போல் ஆகியிருந்த டப்பா. குடையும் இல்லை, சிறுமியும் இல்லை. "இத இன்னா பண்றது பெரியவரே?" என்று வெட்டியவன் கேட்டான். அவள் அதன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்றுதானே கேட்டாள். அங்கேயே வை என்றேன்.

மற்றதை நான் மன்னித்திருக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். சாமியாரிடம் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. கணக்கு மட்டும் மாறவில்லை. குழிக்கும் டப்பாவுக்கும் வாங்கியது மூன்று ரூபாய், தண்ணீர்ச் சாற்றுக்குச் சம்பளத்தில் பிடித்தது நாலு பணம். மச்சான் எனக்குத் தர வேண்டியது இன்னும் மூன்று ரூபாய் நாலு பணம்.