ரெண்டு அங்காளம்மா, ஒரே கார்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு மேஸ்திரியாகவும் இருந்தேன். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று இதை எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இனிமேல் கார்டைத் தேய்த்தால்தான் கேட் திறக்கும் என்றார்கள். எங்கள் சேதராப்பட்டில் தலைச்சன் பெண்ணுக்கு அங்காளம்மன் பெயர், பையனுக்கு ஏழுமலையான் பெயர் வைப்பது வழக்கம். அதனால் பேக்கிங்கில் இரண்டு அங்காளம்மா. நான் ஒருத்தி, என் எதிர்வீட்டுக்காரி ஒருத்தி. இரண்டு பேர் வீட்டுக்காரரும் ஏழுமலைதான்.

கார்டு வந்த அன்று நான் கொஞ்சம் நிதானமாகப் போனேன். வாட்ச்மேன் மறித்தார்.

"அங்காளம்மா உள்ள போயிட்டாங்களே. நீங்க யாரு?"

"யோவ், தெனமும் என்கிட்ட ஒடஞ்ச பிஸ்கட் வாங்கித் திங்கிற. நான் யாருன்னு கேக்கிறியா?"

"எனக்குத் தெரியுது மேஸ்திரியம்மா, மெஷினுக்குத் தெரியலயே."

கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். என் ஸ்டூலில் எதிர்வீட்டுக்காரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருந்த ஒரே கார்டில் 'அங்காளம்மா, மேஸ்திரி' என்று அச்சடித்திருந்ததாம்.

"எறங்குடி கீழ!"

"கம்ப்யூட்டரு குடுத்த பதவிக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

சத்தம் கேட்டுக் கம்ப்யூட்டர் சார் ஓடி வந்தார். "ரெண்டு பேரா? பேரு, புருஷன் பேரு, ஊரு எல்லாம் ஒண்ணா இருந்துச்சு. கம்ப்யூட்டர் பட்டியல்ல ஏத்தும்போது டூப்ளிகேட்னு ஒண்ணத் தூக்கிட்டேம்மா."

"தூக்குறதுக்கு நான் என்ன பிஸ்கட் டின்னா?"

பிறந்த தேதியை வைத்துப் பிரித்துவிடலாம் என்றார். அதுவும் நடக்கவில்லை. தேதி தெரியாத எங்கள் எல்லாருக்கும் பழைய கிளார்க் ஒரே தேதியை எழுதி வைத்திருந்தார். கடைசியில் ஆளுக்கொரு நம்பர் போடுகிறேன் என்றார்.

"அப்ப எனக்கு ஒண்ணு."

"எனக்குத்தான் ஒண்ணு, கார்டு மொதல்ல எனக்குத்தான வந்துச்சு?" என்றாள் அவள்.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, இந்த நம்பருக்கு அர்த்தமே கெடையாது. பெரியவங்க சின்னவங்க ஒண்ணும் இல்ல. மெஷினே வரிசையாப் போட்டுக்கும்."

மெஷின் போட்டது. ஒன்று வாட்ச்மேனுக்குப் போனது. அவளுக்கு நாற்பது, எனக்கு நாற்பத்தொன்று. அவளுக்குப் பின்னால் நின்று உள்ளே போக மாட்டேன் என்று கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சார் பாவம், குனிந்து என் காதில் சொன்னார்: "மொதலாளிக்கு நாப்பத்தி ரெண்டும்மா."

எழுந்தேன், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். அவளும் ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

பிள்ளைகளே, பெயரை நம்பி ஆளைத் தூக்காதீர்கள். ஆளுக்கொரு நம்பர் போடுங்கள். அதற்கு அர்த்தம் இல்லை என்பதை மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.

கண்ணு கனிமொழி, பாட்டி எழுதுன இத ஒருவாட்டி சத்தமாப் படி. மொதலாளி எனக்குப் பின்னாலதான இருக்காரு?