மாப்பிள்ளையின் கிட்டாரும் என் ரப்பர் செருப்பும்

என் அக்காவின் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தி, பாஸ்டர் சபையை ஒரு சுற்றுப் பார்ப்பார். மூன்று வாரமும் எனக்கு வியர்த்தது. எனக்கு ஒரு தடை தெரியும். அது எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

எழுபதுகளின் கடைசி. மாப்பிள்ளைக்கு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. மிச்ச நேரத்தில், தானே செய்த எலக்ட்ரிக் கிட்டாரை வாசிப்பார். அதன் உடம்பு பார்சல் பெட்டிப் பலகை. காந்தம், செத்துப்போன ஸ்பீக்கருடையது. தந்தி முறுக்கும் சாவிகள் யாரோ கைவிட்ட மாண்டலினுடையவை. நிச்சயதார்த்தத்துக்கு ஆம்பூர் வந்தபோது அதை பஸ் டாப்பில் போட்டு வந்தார். வழியில் எவரோ அதன்மேல் வாழைத்தார் ஏற்றிவிட்டார்கள். இறக்கும்போது உடம்பு இரண்டாகப் பிளந்திருந்தது.

"கவலப்படாதீங்க மாப்ள, எம் பையன் பண்ணிக் குடுத்துருவான். எட்டாவதோட நின்னுட்டான், ஆனா கை வேலைல கில்லாடி" என்றார் நைனா. ஊர் முழுக்க என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார். பாராட்டு வேண்டுமென்றால் எட்டாவதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை என் தோளில் கை போட்டார். "ரிசப்ஷன்ல இதத்தான் வாசிக்கப்போறேன் மச்சான். ஆஸ்பத்திரி தோஸ்துங்க எல்லாம் வர்றாங்க. கைவுட்றாத."

எனக்கு அன்றிலிருந்தே தூக்கம் கெட்டது. வீட்டு ரேடியோவையே கையில் துணி சுற்றிக்கொண்டு திருகுகிறவன் நான். மாப்பிள்ளையோ உள்ளே தொட்டால் ஷாக் அடிக்கும் ஒரு பழைய வால்வு ரேடியோவைத்தான் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையராக மாற்றி வைத்திருந்தார். காலை பத்து மணிக்குத் தாலி ஏறும், மாலை ஆறு மணிக்கு என் கையால் செய்த சாமான் அவரைக் கொன்றுவிடும், பிரியாணி ஆறுவதற்குள் அக்கா விதவை. படம் படமாக இதுதான் ஓடியது.

நைனாவும் நானும் தோல் பதனிடும் டேனரியில் டிரம் பழுதுபார்க்கிறவர்கள். தோலையும் உப்பையும் மருந்துத் தண்ணீரையும் வயிற்றில் போட்டுச் சுழலும் பெரிய மர உருளைதான் டிரம். அந்த மாதம் ஒரு கிழட்டு டிரம்மைப் பிரித்தார்கள். அதில் ஒரு தேக்குப் பலகையை எடுத்து வந்து கிட்டாருக்குப் புது உடம்பு அறுத்தேன். இழைக்க இழைக்க உள்ளேயிருந்து பழைய ஆட்டுத்தோல் நாற்றம் கிளம்பியது. வாசலில் தெருநாய்கள் கூடின. வார்னிஷ் அடித்தும் இரண்டு நாய்கள் நம்பிக்கை இழக்கவில்லை.

கழுத்து பழையதுதான். பலகையில் குழி வெட்டி அதை இறுக்கினேன். கரண்ட் கொடுத்து, தந்திமேல் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. பத்துத் தரம் பார்த்தேன். பத்துத் தரமும் எரியவில்லை. அதற்காக நான் நிம்மதியடைந்தேன் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாம் ஓலை முடிந்து வந்து பார்த்தால், மே மாத வெயிலில் பலகை சுருங்கி, கழுத்துப் பொருத்தில் எட்டணா நுழைகிற இடைவெளி. கழுத்து ஆடியது.

"டிரம் பலகடா அது. தண்ணி காட்டாம வுட்டா வாயப் பொளக்கத்தான் செய்யும்" என்றார் நைனா.

"நைனா, இது கரண்ட்டுல ஓடற சாமான்."

"டிரம்மும் கரண்ட்டுலதான் ஓடுது. இன்னா பேசற நீ?"

மரத்தூளும் கோந்தும் குழைத்து இடைவெளியை அடைத்து வைத்தேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாலையில் சர்ச் ஹாலில் ரிசப்ஷன். மேடைக்குப் பின்னால் கிட்டார் இருந்த இடத்தில் ஒரு ஈரக் கோணி மூட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் நைனா, பட்டு வேட்டியில், பூரிப்போடு. "காலையிலயே சுத்தி வெச்சிட்டேன். இப்ப பாரு ஜாயிண்ட்ட."

பொருத்து சேர்ந்திருந்தது. அப்பழுக்கில்லை. பலகை முழுக்க ஈரம் ஊறியிருந்தது. அந்தப் பலகை எத்தனை வருஷம் உப்பைக் குடித்தது என்று எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் கரண்ட் சுலபமாக ஓடும். சுவிட்சைப் போட்டு டெஸ்டரைத் தந்தியில் வைத்தேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாதிரி எரிந்தது.

பிளக்கைத் திருப்பிச் செருகிப் பார்த்திருக்கலாம் என்று பிற்பாடு ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னார். இதெல்லாம் எட்டாவதுக்கு மேல் சொல்லித்தருவார்கள் போலிருக்கிறது. அங்கே பிளக்கும் இல்லை. இரண்டு ஒயரைத் துளையில் விட்டு தீக்குச்சி சொருகியிருந்தார்கள்.

"மாமா, வாசிக்காதீங்க. ஷாக் அடிக்கும்."

"அட்ச்சா அடிக்கட்டும் மச்சான். என் தோஸ்துங்க மூணு பஸ் மாறி வந்துருக்கானுங்க. வாசிக்கலன்னா அவனுங்க அடிப்பானுங்க."

அவர் காலைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சீர்: புத்தம் புது தோல் ஷூ, தோல் அடி, வரிசையாக ஆணி. நான் என் ரப்பர் செருப்பைக் கழற்றினேன். நீல வார், ஒன்று அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கும் இரும்புதானே என்று அதைப் பிடுங்கி நூலால் கட்டினேன். "மாமா, கால்ல வேணா வுழறேன். இத மட்டும் போட்டுக்குங்க."

கோட்டு, டை, ரப்பர் செருப்போடு மாப்பிள்ளை மேடையேறினார். எங்கள் ஊரில் யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். ஹாலில் இருந்த பாதிப் பேர் ஷூ தைக்கிறவர்கள். முதல் பாட்டு முடிகிற வரைக்கும் ஒருவர் பார்வைகூட அவர் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. நைனா கதவோரம் போய் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை சாகவில்லை. இரண்டாவது பாட்டிலும் சாகவில்லை. நான் மூச்சு விட்டேன். அப்போது பாஸ்டர் மேடையேறி, வாழ்த்துச் சொல்லி, கிட்டாரோடு நின்றவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஸ்தோத்திரம்!" என்று கத்திக்கொண்டு கையை உதறினார். சபை மொத்தமும் எழுந்து நின்று "ஸ்தோத்திரம்" என்றது.

அப்போதுதான் உறைத்தது. ரப்பர் மேல் நின்ற மாப்பிள்ளையிடம் கரண்ட் காத்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் காலில் தோல் செருப்பு. மூன்று வாரமாக நான் ஒரே ஒரு ஜோடிக் காலைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தேன்.

"பொண்ணும் வாங்க. மாப்பிள்ள கையப் புடிச்சிக்குங்க" என்றார் போட்டோக்காரர். அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். சந்தன நிறத்துப் புடவை, வெறுங்கால்.

கையில் துணி சுற்றிக்கொள்ள நினைவில்லை. ஓடிப்போய் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அக்கா அவர் கையைப் பிடித்தபோது கிட்டார் வெறும் கட்டையாக இருந்தது.

அந்தப் போட்டோ அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. கோட்டும் ரப்பர் செருப்புமாக மாப்பிள்ளை, பக்கத்தில் சிரிக்கிற அக்கா, பின்னால் வாயைப் பிளந்தபடி, கையில் ஒயரோடு நான். நைனா வரும்போதெல்லாம் அதன்முன் நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

"கால்ல பாரு, மானமே போச்சு" என்பார். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்துக் கிட்டாரின் கழுத்தைத் தடவுவார். "ஆனா ஜாயிண்ட்டப் பாரு. ஒரு முடி நொழையுமா?"