வேலை கேட்டு ஒரு வழக்கு

விளாத்திகுளம் உமாதேவி சிறுவயதில் பஸ் விபத்தில் ஒரு காலை இழந்தவள். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்திருந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று மேடை போட்டுச் சொல்லி, கோவில்பட்டிப் பக்கத்து நூல் மில் ஒன்று அவளை வேலைக்கு எடுத்தது. எடுத்து, வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்தது. எந்த மோட்டாரையும் தொட விடவில்லை. வெளிநாட்டு வியாபாரிகள் வந்தால் மட்டும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் சூப்பர்வைசர் ஆனார்கள்.

மேனேஜர் சண்முகராஜிடம் போய்க் கேட்டாள். "என்னைய வேலைக்கு எடுத்தியளா, காட்சிக்கு வச்சிருக்கியளா?"

"சும்மா இருக்கதுக்குச் சம்பளம் தாரோம். ஒங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்டாள்.

"ஏட்டி, இருக்க வேலையும் போயிரும்" என்று அம்மா ஆவுடைத்தாய் பதறினாள்.

"வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தானம்மா போறதுக்கு."

விசாரணையில் மில் வக்கீல், இரக்கப்பட்டுத்தான் எடுத்தோம் என்றார். "பரீட்சை எழுதிப் பாஸாகி வந்தவ நான். ஒங்க இரக்கத்த யாரு கேட்டா?" என்று உமாதேவி கத்திவிட்டாள். நீதிபதி அமரச் சொன்னபோதும் நின்றுகொண்டே இருந்தாள்.

படித்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எலெக்ட்ரிக்கல் பிரிவுக்குள் அவள் நுழைந்தபோது சண்முகராஜ் சிரித்தபடி கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தொடவில்லை. நாற்காலியில் வீணாய்ப்போன வருடங்களை யார் தருவார்கள் என்ற ஆத்திரத்தோடுதான் முதல் மோட்டாரைக் கழற்றினாள்.