அரைப்புள்ளியைச் சொல்லாத ஒரு மணித்தியாலம்

கலியாணமாகி நாற்பதாம் நாள் அவர் கனடாவுக்குத் திரும்பிப் போனார். என்னைக் கூப்பிடும் விசா மூன்றாவது வருஷமும் வரவில்லை. நான் புத்தூரில் அம்மாவோடு இருந்தபடி மென்பொருள் வேலை செய்தேன். அவருக்கும் அதே தொழில். இருவருமாக ஒரு சின்ன இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தோம். அதனால் யாருக்கும் பயனில்லை. ஆனால் சாப்பாடு, மழை எல்லாம் விசாரித்து முடிந்த பிறகும் கதைக்க அது இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை இயங்குதளத்தின் மையமான கேர்னலை, கணினி ஓட்டக்கூடிய வடிவமாகக் கொம்பைல் செய்தேன். பாதியில் நின்றது. ‘இல்லாவிட்டால்’ என்னும் ‘எல்ஸ்’ இருக்கிறது, அதற்கு முன் வரவேண்டிய ‘இஃப்’ இல்லை என்றது திரை. மேலேயே இஃப் இருந்ததே! அவருக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே வெள்ளி இரவுச் சாப்பாட்டு நேரம்.

“நேற்று எந்த ஹெடரைத் தொட்டனீங்கள்?”

“லொக் மக்ரோ இருக்கிறதை. ஏன்?”

அந்த ஹெடர் கோப்பைத் திறந்து பார்த்தேன். மக்ரோ என்பது சில வரிகளுக்கு வைத்த சுருக்கப் பெயர். அந்தப் பெயரை எழுதும் இடமெல்லாம் கொம்பைலர் அந்த வரிகளை ஒட்டிவிடும். அதன் முடிவில் அவர், கட்டளை முடிந்தது என்று காட்டும் ஓர் அரைப்புள்ளி போட்டிருந்தார். நான் எழுதிய இடத்திலும் ஒன்று. இரண்டும் சேர, இஃப் அங்கேயே முடிந்து, எல்ஸ் தனித்துப்போனது.

நான் சொல்லவில்லை. சொன்னால், “சரி, கோலை வைக்கட்டே?” என்பார்.

“ஒண்டும் விளங்கேல்லை. வரி வரியாப் பாப்பம்,” என்றேன்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வாசித்தார். இடையில் இருமினார். காதோரம் நரைத்திருந்தது. பின்னால் இருந்த கதிரையில் தோய்த்த உடுப்புக் குவியல். எனக்கென்று முதல் வருஷமே வாங்கிய கதிரை அது.

ஒரு மணித்தியாலம் போனது. அவர் கண்ணைக் கசக்கியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

“கடைசி வரியிலை அரைப்புள்ளி. அதை எடுத்தாச் சரி.”

“ஓம்... எப்ப கண்டனீர்?”

“அப்பவே.”

அவர் தட்டைத் திரும்ப இழுத்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். ஆறிப்போன சோற்றைப் பிசைந்தபடி, “கதைக்க வேணுமெண்டா அப்பிடியே சொல்லுமன்,” என்றார்.

அரைப்புள்ளியை எடுத்தேன். கொம்பைல் ஆனது. அவர் கோலை வைக்கவில்லை. போனைக் குழாயடியில் சாய்த்துவிட்டுக் கோப்பை கழுவினார். நான் இங்கே வெங்காயம் உரித்தேன். கழுவி முடித்து, ஈரக் கையோடு எதையோ தேடினார். கை துடைக்க ஒரு துவாயை எடுத்து நீட்டவேண்டும்போல் இருந்தது எனக்கு.