நான் வெட்டிய பெயர்

எம்.ஏ. முடித்து வேலை கிடைக்காமல், கள்ளக்குறிச்சியில் ஒரு தியேட்டருக்கு மேனேஜராக இருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷங்கள். புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் பஸ் கிடையாது. ஜனங்கள் சீக்கிரம் வீடு திரும்பட்டும் என்று ஒரு படத்தின் டைட்டிலையும் ஒரு பாட்டையும் ஆபரேட்டரை வெட்டச் சொன்னேன்.

மனசாட்சி கேட்டபோதெல்லாம் இப்படித்தான் சொல்லிவந்தேன். பாதிதான் உண்மை. பாட்டை வெட்டியது பஸ்ஸுக்காக. டைட்டிலை வெட்டியது, முதல் ஷோவில் ‘இயக்கம்’ என்று ஒரு பெண்ணின் பெயர் வந்ததும் தரை டிக்கெட்டில் எழுந்த ஊளைக்காக. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் சிரித்தவன் நான். படித்தவன் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கல்வராயன் மலையில் எடுத்த படம். மறியலில் திரும்பிப் போகாத படப்பெட்டியைப் பிறகு யாரும் கேட்கவில்லை. படம் அப்படி ஓடியிருந்தது. தியேட்டர் கல்யாண மண்டபமானது, பெட்டி என் வீட்டுப் பரணுக்குப் போனது. சென்ற வருஷம் பழைய படங்களைத் தேடி வந்த ஓர் இளம்பெண் அதைக் கண்டெடுத்தாள். வேறு பிரதி எங்கும் இல்லையாம். டைட்டில் இல்லாததால், பெட்டியில் ஒட்டிய சீட்டில் பெயர் இருந்த கேமராமேனையே இயக்கியவர் என்று பதியப்போவதாகச் சொன்னாள்.

ஒரு வாரம் யோசித்தேன், யோசிக்க ஒன்றுமில்லாவிட்டாலும். பிறகு அவளை இயக்குநரிடம் அழைத்துப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த அம்மாள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எத்தனையோ வருஷம் அங்கேதான் ஜெராக்ஸ் எடுத்தேன், அவர் யாரென்று தெரிந்தும் வாய் திறந்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு போனது நல்லதுதான், அது தயாரிப்பாளர் திணித்தது என்றார். பிறகு, “நாந்தான் எடுத்தேன்னு நானே சொன்னா, கெழவி ஒளர்றான்னுவாங்க. வெட்டினவரு சொன்னாத்தான் எடுபடும்” என்றார்.

அந்தப் பெண் செல்போனை நீட்டினாள். “நான் ஒரு பாவி” என்று தொடங்கி விசும்பினேன். அம்மாள் கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க. இன்னாத்துக்கு அழுவுறீங்க? உங்க கதையவா எடுத்துக்கினு இருக்கோம்? எந்தத் தியேட்டரு, யார் பேர வெட்டுனீங்க, அத்த மட்டும் சொல்லுங்க.”

இரண்டாம் முறை பெயரை முணுமுணுத்தேனாம். மூன்றாம் முறை முகத்தில் வெளிச்சம் இல்லையென்று நாற்காலியை நகர்த்தவைத்தார். நான்காம் முறை அவர் பெயரை முதலெழுத்தோடு, கேட்கும்படி சொன்னேன். போதும் என்றார்.

டீ வந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும்.